உலக மலைகளைக் காட்டுகிறேன் என்று சொல்லி எங்களிடம் 1,84,000 ரூபாய் வாங்கினார்கள்

முந்தாநாள் மதியம் நானும் அப்பாவும் காட்மாண்டுவில் இறங்கியிருக்க வேண்டும். வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டில்தான் இருக்கிறோம். கூடத்து நாற்காலியில் புது ஸ்வெட்டர் இரண்டு, விலைச் சீட்டு கூடக் கிழிக்காமல் கிடக்கின்றன. 1,84,000 ரூபாய் போய்விட்டது. அதை வாங்கினவர் இன்னமும் அதே ஆபீஸைத் திறந்து வைத்து அடுத்தவர்களிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். நேற்று நானே பார்த்தேன். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். எப்படி ஏமாந்தோம், நீங்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. வேலூரில் ஒரு கடைக்கு மேல் மாடியில் இருக்கும் டூர் ஆபீஸ். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கப் பனிமலைப் படங்கள். இவ்வளவு போதும்.

அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். குடியாத்தம் பக்கம் அரசுப் பள்ளியில் புவியியல் வாத்தியாராக இருந்தவர். வயது 68. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். அந்த மொட்டைப் பாறைகளைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்கு இமயமலை நடத்தியவர் அவர். வாழ்க்கையில் ஏறின பெரிய மலை ஏலகிரிதான், அதுவும் பள்ளிக்கூட டூரில், பஸ்ஸில். ஆனால் அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. உலகத்து மலைகளெல்லாம் உயரத்தோடு அதில் இருக்கும். எவரெஸ்ட் 8,848 என்று இருந்ததை, 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் புது அளவு அறிவித்த அன்றைக்கே பக்கத்தில் .86 என்று சேர்த்து எழுதினார்.

முட்டி வலி வந்த பிறகு அந்த நோட்டில் இன்னொரு பட்டியல் தொடங்கினார். ஏறாமலே பார்க்கக் கூடிய மலைகள். ஸ்விட்சர்லாந்தில் செர்மாட் ஊருக்குள் பெட்ரோல் கார் கிடையாது, அங்கிருந்து கோர்னர்கிராட் வரைக்கும் 1898லிருந்து ரயில் ஓடுகிறது, 3,000 மீட்டருக்கு மேல் உட்கார்ந்தபடியே போய் மேட்டர்ஹார்னைப் பார்க்கலாம். ஜப்பானில் டோக்கியோவிலிருந்து ஒசாகா போகும் புல்லட் ரயிலில் வலது பக்கம் உட்கார்ந்தால் ஃபூஜி தெரியும். கிளிமஞ்சாரோ இருப்பது தான்சானியாவில், ஆனால் மலையேறி நடக்காமலே நன்றாகப் பார்க்கக் கென்யாவின் அம்போசெலி நல்ல இடம். இப்படிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார். நாங்கள் இருவரும் ராத்திரி சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து, எதற்கு எவ்வளவு ஆகும், எந்த மாதம் போகலாம் என்று கணக்குப் போடுவோம். அம்மா போன பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது அந்த நோட்டால்தான்.

முதலில் நேபாளம் என்று முடிவு செய்தோம். பக்கம், விசா வேண்டாம், செலவும் குறைவு. காட்மாண்டுவிலிருந்து காலையில் ஒரு மணி நேரம் விமானத்தில் பறந்து எவரெஸ்ட்டை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வரலாம். அப்புறம் பொக்காராவிலிருந்து ஜொம்சோம் போய் முக்திநாத். 108 திவ்ய தேசத்தில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடின சாளக்கிராமம். அங்கே 108 நீர்த்தாரையிலும் தலை நனைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அம்மாவுக்காக அப்பா நனைக்க வேண்டும் என்றிருந்தார்.

ஆடி மாதத்தில் அந்த ஆபீஸுக்குப் போனோம். நாங்கள் உள்ளே நுழைந்ததும் அந்த ஆள் எழுந்து நின்றார். அப்பா வாத்தியார் என்று தெரிந்ததும் தன் நாற்காலியைச் சுற்றி வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார். மோர் வரவழைத்துக் கொடுத்தார். அப்பா பையிலிருந்து நோட்டை எடுத்தார். யாரிடமும் காட்டாத நோட்டு. அந்த ஆள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். போன் அடித்தது, எடுக்கவில்லை. "ஐயா, இதுல இருக்கிற அத்தனை மலையையும் ஒவ்வொண்ணா உங்களுக்குக் காட்டுறது என் பொறுப்பு. முதல்ல நேபாளம், அடுத்த வருஷம் ஸ்விஸ். முக்திநாத்துல நானே உங்க கையைப் புடிச்சிக்கினு வர்றன்" என்றார். அப்பாவின் கண் கலங்கிவிட்டது. நான் அந்த நிமிஷமே நம்பிவிட்டேன். பேக்கேஜ், விலை எதையும் பார்த்து நம்பவில்லை. அந்த நோட்டை மரியாதையாகத் தொட்டார் என்பதற்காக நம்பினேன்.

50,000 ரூபாய் அன்றைக்கே ஜிபேயில் அனுப்பினேன். ஆபீஸ் பெயர் வரவில்லை, வேறு யாரோ ஒரு பெண் பெயர் காட்டியது. "வீட்டம்மா அக்கவுண்ட்" என்றார். பத்து நாள் கழித்து அப்பா தபால் ஆபீஸ் டெபாசிட்டை உடைத்து 1,00,000 ரூபாய் அதே அக்கவுண்டுக்கு மாற்றினார். எவரெஸ்ட் விமானத்துக்கு 22,000, முக்திநாத் அனுமதிச் சீட்டுக்கு 12,000 என்று 34,000 ரொக்கமாகக் கொடுத்தோம். மொத்தம் 1,84,000. பில் கேட்டேன். "வெளிநாட்டு பேக்கேஜுக்கு பில் போட்டா டிசிஎஸ் புடிக்கணும்மா, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். டிசிஎஸ் என்பது டூர் விற்பவர் நம்மிடம் பிடித்துக் கட்டும் வரி. அது நம் பான் நம்பரில் வரவாகி, வரி கணக்கில் திரும்பி வரும் பணம். நான் ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன் என்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

அந்த அனுமதிச் சீட்டு அன்னபூர்ணா இயற்கைப் பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைவதற்கானது. இந்தியர்களுக்கு ஆளுக்கு 1,000 நேபாள ரூபாய். நம் பணத்தில் 625. இரண்டு பேருக்கு 1,250 ஆகும் சீட்டுக்கு 12,000 வாங்கியிருக்கிறார்.

பயணத் திட்டம் என்று ஒரு பிடிஎஃப் அனுப்பினார். அதில் பொக்காராவிலிருந்து ஜொம்சோமுக்கு மதியம் 3 மணிக்கு விமானம் என்று இருந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு நேராகப் போனில் கேட்டார். "தம்பி, அது காளி கண்டகி பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் தவளகிரி, ஒரு பக்கம் அன்னபூர்ணா, ரெண்டும் எட்டாயிரம் மீட்டருக்கு மேல. வெயில் ஏற ஏறத் தெற்கிலிருந்து காத்து சீறிக்கினு மேல போகும். அங்க விமானம் காலையிலதானே விடுவாங்க?" என்றார். அந்த ஆள் சிரித்து, "அதெல்லாம் அந்தக் காலம் ஐயா, இப்ப புது விமானம்" என்றார். நான் அப்பாவைப் பார்த்து, "அவங்களுக்குத் தெரியாதாப்பா, விடுங்க" என்றேன். அப்பா சொன்னதுதான் சரி. இன்றைக்கும் அங்கே காலையில்தான் விமானம். அந்தப் பாதையில் ஒரு ஆளையாவது அனுப்பியிருந்தால் மதியம் 3 மணி என்று எழுதியிருக்க மாட்டார். புவியியல் வாத்தியார் திருடனைப் பிடித்துக் கொடுத்தார், நான் விட்டுவிட்டேன்.

இன்னொன்று. எங்களிடம் ஆதார் நகல் மட்டும்தான் வாங்கினார். 65 வயதைத் தாண்டிய அப்பாவுக்கு அது போதும், ஆனால் நேபாளத்துக்கு விமானத்தில் போக என் வயதுக்காரர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். உண்மையாகவே டிக்கெட் போடுகிறவர் முதல் நாளே அதைக் கேட்டிருப்பார்.

டிக்கெட்டையும் சரிபார்த்தேன் என்பதுதான் வயிற்றெரிச்சல். பிஎன்ஆர் நம்பர் அனுப்பினார், சென்னை, டெல்லி, காட்மாண்டு. விமான நிறுவனத்தின் தளத்தில் அன்றைக்கு ராத்திரியே போட்டுப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேர் பெயரும் வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் பிஎன்ஆர் என்பது இடம் பிடித்து வைத்ததற்கான நம்பர்தான். அந்த நிறுவனத்தில் பணம் கட்டி டிக்கெட் எடுத்தால்தான் 13 இலக்க டிக்கெட் நம்பர் வரும். குறிப்பிட்ட நேரத்துக்குள் எடுக்காவிட்டால் அந்த இடம் தானாகவே விழுந்துவிடும். எங்களுடையது எப்போதோ விழுந்திருக்கிறது. கையில் இருந்த தாளில் மட்டும் இருந்தது.

அது தெரிந்தது எப்படி என்றால், கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது அப்பா சொன்னார், "டெல்லியிலிருந்து போகும்போது இடது பக்க ஜன்னல் வாங்கு, இமயமலை அந்தப் பக்கம்தான் தெரியும்." சீட் தேர்வு செய்யலாம் என்று தளத்தைத் திறந்தேன். அப்படி ஒரு முன்பதிவே இல்லை என்றது. மூன்று தடவை போட்டேன். அப்பா பின்னால் நின்று, "கெடச்சிதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து இன்றுவரை கேட்ட பதில்களை எழுதினால் ஒரு நோட்டு வரும். முதல் நாள், "சர்வர் டவுன்". மறுநாள், "ஏர்லைன்ஸ் டைமிங் மாத்திட்டாங்க, புது பிஎன்ஆர் வருது". மூன்றாம் நாள் போனை எடுக்கவில்லை. ஆபீஸுக்குப் போனால் அங்கிருந்த பெண், "சார் திருப்பதி போயிருக்காரு" என்றாள். வாட்ஸ்ஆப்பில் "ரீஃபண்ட் போட்டாச்சு, 7 வேலை நாள்" என்று வந்தது. எந்த அக்கவுண்டுக்கு, எந்த ரெஃபரன்ஸ் நம்பரில் என்று கேட்டேன். பதில் இல்லை. ஆறாம் நாள் நேரில் மாட்டினார். அப்போது சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியாது. "உங்க அப்பா வயசுக்கு இன்சூரன்ஸ் ரிஜெக்ட் ஆயிடிச்சி, அதனாலதான் எல்லாம் கேன்சல். நீங்க முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார். அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். காலைத் தொட்டுக் கும்பிட்ட அதே ஆள். கேன்சல் சார்ஜ் போக 11,400 ரூபாய் தருகிறேன் என்றார். 1,84,000 கொடுத்தவர்களுக்கு 11,400! அதுவும் வரவில்லை. மறுநாள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

தன்னால்தான் போயிற்று என்று அப்பா நம்பிவிட்டார். "எனக்கு வயசாச்சும்மா, நீ போயிருக்கலாம்" என்கிறார். இன்சூரன்ஸுக்கு விண்ணப்பமே போடவில்லை, அது பொய் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறார். நோட்டு பீரோவுக்குள் போய்விட்டது. எனக்குப் பணத்தைவிட இதுதான் தாங்கவில்லை.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்தேன். பணம் அனுப்பின உடனே அழைத்திருந்தால் அந்த அக்கவுண்டில் நிறுத்தி வைக்க முயற்சி செய்யலாம், இவ்வளவு நாள் ஆனபின் கஷ்டம் என்றார்கள். ஆனாலும் புகாரைப் பதிந்துகொண்டார்கள். ஸ்டேஷனில், "இது கொடுக்கல் வாங்கல் மேட்டர்மா" என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவை அக்கவுண்ட் ஸ்டேட்மெண்ட்டோடு போன பிறகுதான் மனு ரசீது கொடுத்தார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் போடப் போகிறேன். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். கை நடுங்குகிறது, ஞாபகம் வருவதை மட்டும் எழுதுகிறேன். பிஎன்ஆரைப் பார்த்து நம்பாதீர்கள், டிக்கெட் நம்பரை வாங்கி விமான நிறுவனத்துக்கே போன் செய்து கேளுங்கள். தனி ஆள் அக்கவுண்டுக்குப் பணம் போடாதீர்கள். பில் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பாஸ்போர்ட் கேட்காதவரிடம் வெளிநாட்டு டூர் போடாதீர்கள். வீட்டுப் பெரியவர் ஒரு சந்தேகம் கேட்டால் அவர் வாயை அடைக்காதீர்கள்.

அதே ஆபீஸில் யாராவது கார்த்திகைக்கோ தைக்கோ பணம் கட்டியிருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள். எங்களைப் போல ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு 1,84,000 ரூபாய்க்கான தாள்களோடு போகிறேன். ஜெராக்ஸ் கடை ஒன்பது மணிக்கு மூடிவிடுவான், இப்போது கிளம்ப வேண்டும்.