சோபேயா, ஒகவாங்கோவா?

போட்ஸ்வானா போறதுன்னு முடிவாகிட்டா அடுத்த குழப்பம் இதுதான், சோபே ஆத்துப் பக்கம் போறதா இல்ல ஒகவாங்கோ டெல்டாவுக்கா. ரெண்டு இடத்துலயும் தண்ணி, ரெண்டுலயும் யானை, அப்புறம் என்ன வித்தியாசம்னுதான் நானும் நெனச்சிருந்தேன்.

சோபே ரொம்ப சுலபம். விக்டோரியா அருவில இருந்து கசானே டவுன் சுமார் 80 கிலோமீட்டர்தான், அங்கயே ரூம் போட்டு சாயங்காலம் போட்ல ஏறிடலாம். ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும் உள்காட்டுல குட்டையெல்லாம் வத்திடும், அதனால யானைங்க கூட்டம் கூட்டமா ஆத்துக்கு வந்தே ஆகணும். ஆத்துக்கு நடுவுல செடுடு தீவு இருக்கு, நமீபியாவும் போட்ஸ்வானாவும் எங்களுதுன்னு வழக்காடி 1999ல சர்வதேச நீதிமன்றம் போட்ஸ்வானாவுக்குன்னு தீர்ப்பு சொன்ன தீவு, யானைங்க தும்பிக்கைய மேல தூக்கிக்கிட்டு அதுக்கு நீந்தியே போகுதுங்க. ஒண்ணு எங்க போட்டுக்குப் பக்கத்துலயே நின்னு புல்ல வேரோட புடுங்கி, தண்ணில சளப் சளப்னு அடிச்சு மண்ணெல்லாம் போனப்புறம்தான் வாய்ல வெச்சுது, அப்படியே எங்க பாட்டி கீரை அலசுற மாதிரி! ஒரே குறை, சீசன்ல ஒரு யானையச் சுத்தி நாலஞ்சு போட் நிக்கும்.

ஒகவாங்கோ அப்படி இல்ல. இந்த ஆறு கடலுக்கே போகாது, அங்கோலா மலைல பெய்ஞ்ச மழை மாசக்கணக்கா மெதுவா நகர்ந்து வந்து கலஹாரி மணல்ல பரவி அங்கயே முடிஞ்சிடுது, அதனால போட்ஸ்வானால மழையே இல்லாத ஜூன் டு ஆகஸ்ட்லதான் இங்க வெள்ளம் உச்சத்துல இருக்கும். 2014ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல 1000வது இடமா சேர்த்தாங்க. இங்க மொகோரோதான் விசேஷம், பின்னாடி ஒருத்தர் நின்னுக்கிட்டு நீளக் கழிய ஊனித் தள்ளுற ஒடுக்கமான தோணி. முன்னாடி மரத்தக் குடைஞ்சு செஞ்சாங்க, இப்ப பெரும்பாலும் ஃபைபர்தான், மரமாவது மிஞ்சுதே. எஞ்சின் சத்தம் கிடையாது, கண்ணு தண்ணி மட்டத்துக்கே வந்துடும், நாணல்ல நகத்தளவு தவளை ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதோட தொண்டை துடிக்கிறது கூட தெரிஞ்சுது.

ஆனா மொகோரோல உக்காந்து சிங்கம் தேடாதீங்க, அதுக்கு டெல்டாவுலயே இருக்குற மொரேமி காப்புக்காட்டுக்குள்ள ஜீப்லதான் போகணும். அந்தக் காட்ட 1963ல அந்தப் பகுதி பாதவானா இன மக்களே தங்களோட நிலத்துல இருந்து ஒதுக்கிக் கொடுத்தாங்க, எனக்கு அந்த இடம் மேல தனி மரியாதையே உண்டு.

குழந்தைங்களோட போறீங்க, ரெண்டு மூணு நாள்தான் இருக்குன்னா யோசிக்காம சோபே, ஏன்னா சின்னப் பசங்கள மொகோரோல ஏத்த நிறைய பேர் ஒத்துக்க மாட்டாங்க. சதுப்பு நிலம்னா என்னன்னு உக்காந்து பாக்கணும்னா ஒகவாங்கோதான், என் ஓட்டும் அதுக்குத்தான். உள்ள இருக்குற கேம்ப்புக்கெல்லாம் குட்டி ஃப்ளைட், செலவு எக்கச்சக்கம், பட்ஜெட் இடிச்சா டெல்டா ஓரத்துல இருக்குற மவுன் டவுன்ல தங்கி ஒரு நாள் மொகோரோ மட்டும் போயிட்டு வாங்க. குட்டி ஃப்ளைட்னா சக்கரம் வெச்ச பெட்டி வேண்டாம், துணிப் பைதான் ஏத்துவாங்க, அதுவும் பெரும்பாலும் 20 கிலோவுக்குள்ள.