நாடுகடத்தல் செய்தி: ரோமியோவா, ஜூலியட்டா?

மேடையில் தனியாக நடித்துக்காட்ட ‘ரோமியோ ஜூலியட்’ மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியா, மூன்றாம் காட்சியா என்று குழம்புகிறவர்கள் உண்டு. முன்னது ஜூலியட்டுடையது, பின்னது ரோமியோவுடையது. இரண்டிலும் செய்தி ஒன்றுதான்: ஜூலியட்டை ரகசியமாக மணந்த ரோமியோ, அவளுடைய உறவுச் சகோதரன் டிபால்ட்டைக் கொன்றதற்காக வெரோனா நகரைவிட்டுப் போக வேண்டும்.

முதல் அடி
ரோமியோ: மரணமே மேல் என்கிறான். ஜூலியட்டின் கையில் உட்காரும் ஈக்குக்கூடத் தன்னைவிடக் கொடுப்பினையாம்!
ஜூலியட்: முதலில் அவனைத்தான் திட்டுகிறாள். வளர்த்த செவிலித்தாயும் கூடச் சேர்ந்து திட்டியதும் சட்டென்று திரும்பி அவள்மேல் பாய்கிறாள். பிறகு தனக்குத்தானே கணக்குப் போடுகிறாள்: டிபால்ட் கையால் செத்திருக்க வேண்டிய கணவன் பிழைத்தானே, அது ஆறுதல் இல்லையா? ‘நாடுகடத்தல்’ என்ற சொல் நினைவுக்கு வந்ததும் கணக்கு உடைகிறது. பதினான்குகூட நிரம்பாத பெண் இவள்.

உடல்
ரோமியோ: தரையில் விழுந்து அழுகிறான், கத்தியை உருவுகிறான்.
ஜூலியட்: பெரும்பாலும் சொற்களே. கடைசியில் மோதிரம் கொடுத்தனுப்புகிறாள்.

அடுத்து
ரோமியோ: அவள் இறந்தாள் என்று கேட்டதும் மாந்துவா நகரில் 40 டக்கட் பொற்காசுக்கு விஷம் வாங்குகிறான்.
ஜூலியட்: பாதிரியார் தந்த 42 மணி நேர மயக்க மருந்தைக் குடித்து இறந்தவள்போல் கிடக்கிறாள். (அதற்கு முன் அவளும் பாதிரியார் முன்னால் கத்தி எடுக்கிறாள்தான், ஆனால் வழி கேட்பதற்காக.)

உடல்மொழி வலுவானவர்களுக்கு ரோமியோ. ஆனால் கொஞ்சம் கூடினாலும் பார்வையாளர்கள் சிரித்துவிடுவார்கள். குரலிலேயே மனமாற்றம் காட்டத் தெரிந்தவர்களுக்கு ஜூலியட். என் ஓட்டும் அவளுக்கே.