நெடுங்கடல் பாய்மரப் பயிற்சி என்ற பெயரில் 1,40,000 ரூபாய் பறிபோனது: பணம் கட்டுமுன் படியுங்கள்

பாய்மரப் படகுப் பயிற்சிக்கு இணையம் வழியாகப் பணம் கட்ட நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் கட்டிய 1,40,000 ரூபாயைத் திருப்பித் தர முடியாது என்ற இறுதிப் பதில் நேற்று மாலைதான் வந்தது. எந்த நிறுவனம் என்று இங்கே எழுதவில்லை; பயிற்சியாளர்களையும் படகுகளையும் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லும் ஓர் இணையதளம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வரும் ஜனவரியில் நண்பரின் படகில் மலேசியாவின் லங்காவியிலிருந்து இலங்கையின் காலி துறைமுகம் வரை செல்ல ஏற்பாடாகியிருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று சீராக வீசும் மாதங்களில் கடக்க வேண்டிய, ஆயிரம் கடல் மைலுக்கும் அதிகமான தூரம் அது. படகில் நாங்கள் இருவர் மட்டுமே என்பதால், அவர் உறங்கும் நேரமெல்லாம் படகு என் பொறுப்பு. காற்று வலுக்கும்போது பாயைச் சுருக்கிக் கட்டுவது, முன்பாயைக் காற்று வரும் பக்கமாக இழுத்துக் கட்டிச் சுக்கானைப் பூட்டிப் படகை நிதானப்படுத்துவது, கடலில் விழுந்தவரைத் திரும்பிச் சென்று மீட்பது, இரவில் ஒரு கப்பலின் விளக்குகளைக் கொண்டே அது எந்தப் பக்கம் போகிறது என்று அறிவது ஆகிய இவ்வளவையும் கைப்பழக்கமாக்கிக்கொள்ளவே அந்தப் பணத்தைக் கட்டினேன்.

நம்பிக்கை வந்தது ஒரு வீடியோ அழைப்பில். பயிற்சியாளர், வானில் சூரியன் நிற்கும் கோணத்தை அளக்கும் கருவியான செக்ஸ்டன்ட்டைக் கையில் எடுத்து, நண்பகலில் சூரியன் உச்சத்தைத் தொடும்போது அதன் கோணத்தை அளந்தால் அட்சரேகை கிடைத்துவிடும் என்பதை, கண்ணாடியைத் திருப்பிக் காட்டி, பொறுமையாக விளக்கினார். பேச்சினிடையே கயிற்றின் நுனியில் இறுகாத வளையம் போடும் போலைன் முடிச்சை ஒற்றைக் கையால் போட்டுக் காட்டினார். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, சக அதிகாரி தில்னாவுடன் தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பியதைச் சொல்லி, "உங்களையும் அப்படித் தயார் செய்வோம் சார்" என்றார். அந்த இருவரும் ஆண்டுக்கணக்கில் கடலில் உழைத்துப் பெற்ற தேர்ச்சியை விளம்பரச் சரக்காக்கி என்னிடம் 1,40,000 ரூபாய் வாங்கியதை நினைத்தால் இப்போதும் கொதிக்கிறது.

ஐந்து நாள் கடற்பயிற்சி என்றார்கள். நடந்ததோ அதில் பாதி, அதுவும் ஆற்று முகத்துவாரத்துக்குள், இன்ஜினை ஓட்டியபடி. பாயைச் சுருக்கிக் காட்டுங்கள் என்று கேட்டபோதுதான், அதற்கான கயிறே பாயில் கோக்கப்படவில்லை என்பதைக் கண்டேன். கயிறு நுழைய வேண்டிய பித்தளை வளையத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ரேடியோவுக்கு மின்சாரம் இல்லை; 16ஆம் அலைவரிசையில், உயிராபத்தில் உதவி கோரும் மேடே அழைப்பு விடுக்கும் முறையை வாயாலேயே சொல்லி முடித்தார். கடலில் விழுந்தவரை மீட்கும் பயிற்சிக்கு ஒரு மிதவையைக்கூடத் தண்ணீரில் போடவில்லை. ஆனால் சுக்கானைப் பிடித்தபடி எங்களைப் புகைப்படம் எடுக்க மட்டும் நேரம் இருந்தது. பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் சின்னத்துடன் சான்றிதழ் வந்தது. அந்தச் சங்கம் தன் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களை இணையத்தில் பட்டியலிட்டிருக்கிறது. அதில் இவர்கள் பெயர் இல்லை.

அதன் பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. காற்று சரியில்லை, மழைக்காலம் முடிந்ததும் மீதி நாள்களைத் தருகிறோம் என்றார்கள். பயிற்சியாளர் எங்கள் ஊழியர் அல்லர் என்றார்கள். கணக்குப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு புதிய புகார் எண், ஒரு புதிய குரல், "என்ன பிரச்சினை, முதலிலிருந்து சொல்லுங்கள் சார்" என்ற அதே கேள்வி. நேற்று வந்த பதிலில், நான் படகில் ஏறிவிட்டதால் சேவை முழுமையாக வழங்கப்பட்டதாகக் கருதப்படும் என்று எழுதியிருக்கிறார்கள். 1,40,000 ரூபாய்க்குப் படகில் ஏறியதுதான் சேவையாம்!

விரிவாக யோசனை சொல்ல எண்ணியிருந்தேன்; இப்போது அதற்கான மனநிலை இல்லை. சான்றிதழில் எந்தச் சங்கத்தின் பெயர் இருக்கிறதோ அதன் பட்டியலில் பயிற்சி மையத்தை நீங்களே தேடிப் பாருங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டாதீர்கள். படகை நேரில் பார்த்து, பாயை ஏற்றிச் சுருக்கிக் காட்டச் சொல்லுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் என் புகாரைப் பதிந்துவிட்டேன். இதே விதமாகப் பணம் இழந்தவர்கள் ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு உடனே பதியுங்கள்.