எடை கம்மி பிசிடி: கோல பெசுட்டுக்கா, தாவாவுக்கா?

போன மாசம் பிரிக்ஃபீல்ட்ஸ்ல பசியாறிட்டு இருக்குறப்ப கூட வேல பாக்குற தம்பி ஒருத்தன் போன நீட்டி, அண்ணே இந்த நாலுல எத வாங்கலாம்னு கேட்டான், நாலுமே ட்ராவல் பிசிடி, அதாவது கடல்ல முங்குறப்ப டேங்கக் கட்டி மாட்டிக்கிற, காத்தடிச்சி மிதப்பக் கூட்டிக் கொறைக்கிற சட்ட, ஃப்ளைட்ல தூக்கிட்டுப் போகன்னு எடை கம்மியாப் பண்ணது. நான் திருப்பிக் கேட்டது ஒண்ணுதான், நீ எங்க போயி முங்குற? வருசத்துக்கு ரெண்டு தடவ பெர்ஹெந்தியான் தீவு அண்ணே, கூட்டாளிங்களோட காடிலதான்னான். அப்ப உனக்கு எதுக்குடா இதுன்னேன், மூஞ்சி சுருங்கிப் போச்சு.

கேஎல்லேர்ந்து பெர்ஹெந்தியானுக்குப் போட் ஏறுற கோல பெசுட்டுக்கு ஆறேழு மணி நேரம் காடி ஓட்டிட்டுப் போறோம், பூட்ல போட்டா 2 கிலோவும் ஒண்ணுதான் 4 கிலோவும் ஒண்ணுதான், ஜெட்டில எவனும் தராசு வெச்சிக்கிட்டு நிக்கல. எடை உறுத்த ஆரம்பிக்கிறது ஏர்போர்ட்லதான். கிழக்குக் கரைல நவம்பர்ல மழை வந்துட்டா ரிசார்ட்டெல்லாம் சாத்திருவாங்க, அப்புறம் சபாவுல இருக்குற தாவாவுக்கு ஃப்ளைட் புடிச்சி செம்பூர்ணா போயி அங்கேர்ந்து மாபுல், சிபாடான்னு தீவுகளுக்குப் போவணும். ஏர்ஏசியால கைல எடுத்துட்டுப் போறது மொத்தமே 7 கிலோ, மூச்சு விடுற ரெகுலேட்டரையும், ஆழத்தயும் நேரத்தயும் காட்டுற டைவ் கம்ப்யூட்டரையும் கீழ லக்கேஜ்ல போட மனசு வராது, அதுவே ரெண்டரை மூணு கிலோவ முழுங்கிரும். மிச்சத்துல மாத்துத் துணியும் பிசிடியும் அடங்கணும்னாதான் இந்தக் கணக்கெல்லாம்.

சரி, அலசலுக்கு வரேன். கடைல ட்ராவல்னு எழுதித் தொங்குறதெல்லாம் ஒரே சாதி இல்ல.

கிரெஸ்ஸி ட்ராவலைட், ஸ்குபாப்ரோ கோ, இது ரெண்டும் ஜாக்கெட் வகை. கோர்ஸ் படிக்கிறப்ப நமக்கு மாட்டி விட்டானே அதே மாதிரிதான், காத்து இடுப்பச் சுத்தி வரும், முதுகுல இருந்த கெட்டி பிளாஸ்டிக் தட்ட எடுத்துட்டு துணிய மெலிசாக்கி பாய் சுருட்டுற மாதிரி சுருட்டிக்கலாம்னு பண்ணியிருக்கான். சைஸப் பொறுத்து ரெண்டரைலேர்ந்து 3 கிலோக்குள்ள வரும். கீழ எறங்க எடைக்குக் கட்டுற ஈயத்தப் போடுற பை அதுலயே இருக்கு, இழுத்தா கையோட வந்துரும். புதுசா வாங்குறவங்களுக்குக் கண்ண மூடிட்டு இந்த வகையச் சொல்லுவேன், ஏன்னா ஏற்கெனவே பழகுன உடம்பு, புதுசா எதுவும் கத்துக்க வேணாம். குறைன்னா, தண்ணிக்கு மேல வந்து முழுசா காத்தடிச்சா நெஞ்சப் புடிச்சி இறுக்கும், மத்தியானம் நாசி லெமாக்க ஒரு புடி புடிச்சிட்டு ரெண்டாவது டைவ் போனவனுக்கு அது நல்லாவே தெரியும்.

அக்வாலங் ஜூமா, அவுட்லா வேற ரகம், ரெண்டும் 2 கிலோ சுத்துவட்டாரம்தான், காத்து பூரா முதுகுப் பக்கம். தண்ணிக்குள்ள உடம்பு தானா படுத்துக்கும், நெஞ்சுப் பக்கம் காலியா இருக்கும், கேமரா புடிக்கிறவங்க இத விடமாட்டாங்க. அவுட்லால தோள், முதுகு, இடுப்புன்னு தனித்தனி சைஸா கோத்துக்கலாம், நம்மள மாதிரி தொப்பை ஒரு சைஸ் தோள் ஒரு சைஸ்னு இருக்குற ஆளுக்கு அது பெரிய வசதி. ஆனா மேல வந்து போட்டுக்குக் காத்திருக்குறப்ப பழக்கமில்லாம பூரா ஊதி வெச்சீங்கன்னா பின்னாடி இருக்குற காத்து உங்கள முன்னாடி குப்புறத் தள்ளும், இடுப்புல முன்பக்கமா ஈயம் தொங்குனா இன்னும் மோசம். கொஞ்சமா ஊதிட்டு மல்லாக்கச் சாஞ்சி கால முன்னாடி நீட்டிக்கணும், ஈயத்துல பாதிய டேங்கக் கட்டுற பெல்ட்டுப் பக்கம் தள்ளிட்டா சரியாயிடும்.

லிஃப்ட், அதாவது காத்தடிச்சா தூக்குற சக்தி, கம்மியா இருக்கேன்னு நெறய பேர் பயப்படுறாங்க, அதக் கொஞ்சம் பாப்போம். இங்க எல்லா எடத்துலயும் கெடைக்கிறது அலுமினியம் 80, அதாவது 11 லிட்டர் டேங்க். 200 பார் அழுத்தத்துல காத்தடிச்சா உள்ள இருக்குற காத்தே ரெண்டரை கிலோக்கு மேல எடை. 50 பார்ல மேல வர்றப்ப 2 கிலோ லேசாயிருப்பீங்க, அப்பவும் மேல வர்ற வழில கொஞ்ச நேரம் நிக்கிற சேஃப்டி ஸ்டாப்ல நிக்கணுமேன்னுதான் ஆரம்பத்துலயே ஈயத்தக் கூட்டிக் கட்டுறோம். அந்த 2 கிலோவயும், ஆழத்துல 3 மில்லிமீட்டர் வெட்சூட் நசுங்கி இழக்குற மிதப்பயும் தூக்குனா போதும், மேல வந்தா தலை வெளிய நிக்க இன்னும் கொஞ்சம். 29 டிகிரி தண்ணில 9, 10 கிலோ லிஃப்டே தாராளம். இன்னொண்ணு, பெரிய ஜாக்கெட்ல இருக்குற பஞ்செல்லாம் தானா மிதக்கும், அத அமுக்கவே தனியா ஈயம் வேணும், மெலிசு பிசிடில அது இல்ல, முன்ன 5 கிலோ கட்டுன நான் இப்ப 4தான் கட்டுறேன்.

மூணாவது வகை, பிளேட்டும் விங்கும், அதாவது முதுகுல ஒரு தட்டு, அதுல மாட்டுற காத்துப் பை. ஸ்டீல் பிளேட்ட வாங்கிட்டு ஈயம் மிச்சம்னு சொல்றவங்க இருக்காங்க, வாஸ்தவம்தான், ஆனா ஈயம் ரிசார்ட்லயே தரான், ஸ்டீல நீங்கதான ப்ளேன்ல தூக்கிட்டுப் போவணும்? பறக்குறதுக்குன்னா அலுமினியம் இல்லாட்டி துணி பிளேட்தான். நாறிப் போற பஞ்சு கெடையாது, பிஞ்சி போற பக்கிள் கம்மி, ஒரே வார்தான் சுத்தி வருது, பத்து வருசம் ஆனாலும் அந்த வார மட்டும் மாத்திக்கலாம். மொத தடவ அளவு வெக்கிறதுக்குள்ள நாக்கு தள்ளிரும், பாக்கெட்டும் கெடையாது. ஐம்பது டைவுக்கு மேல போனவங்க பாக்கலாம்.

ஸ்குபாப்ரோ ஹைட்ரோஸ் ப்ரோவயும் ட்ராவல்னு சேத்துச் சொல்றாங்க. ஜெல் மாதிரி மெட்டீரியல், தண்ணி உறிஞ்சாது, சீக்கிரம் காயும், போட்டா அவ்ளோ சொகம். ஆனா 4 கிலோ பக்கத்துல நிக்கிது, விலையும் மேல, இந்தப் போட்டில நான் சேக்கல.

கடைக்காரன் சொல்ற எடை காஞ்ச எடை, அத மறந்துராதீங்க. ஒரு தடவ காலைல டைவ் முடிச்சிட்டு மறுநாள் ஃப்ளைட்டுக்கு கொக்கித் தராசுல தொங்க விட்டுப் பாத்தேன், வீட்லேர்ந்து கெளம்புறப்ப 2.8, இப்ப 3.9. பிசிடியோட காத்துப் பைக்குள்ள தண்ணி நிக்கிது! தலைகீழாப் புடிச்சி வால்வ இழுத்தா குடம் கவுந்த மாதிரி ஊத்துது. அதுலேர்ந்து கடைசி டைவ் முடிஞ்ச கையோட நல்ல தண்ணிய உள்ள விட்டு ஒரு குலுக்கு குலுக்கி ஊத்திட்டு, பாதி காத்தடிச்சி நெழல்ல தொங்க விட்டுர்றது. மெலிசுத் துணி மதியத்துக்குள்ள காஞ்சிரும், பஞ்சு வெச்ச ஜாக்கெட் ராத்திரி பூரா சொட்டிக்கிட்டே இருக்கும். என்னக் கேட்டா மாடலுக்கு மாடல் இருக்குற எடை வித்தியாசத்த விட இதுதான் காசு குடுத்து வாங்க வேண்டிய விசயம்.

அப்புறம் டேங்க் பெல்ட். லேசு பிசிடில பெரும்பாலும் ஒண்ணுதான் இருக்கும், பின்னாடி கெட்டித் தட்டும் கெடையாது, அதனால வழுக்குறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. காஞ்ச நைலான் நனைஞ்சா தளரும். எனக்கு 14 மீட்டர்ல டேங்க் சரிஞ்சி பின்னந்தொடைல இடிச்சிக்கிட்டு நின்னிச்சு, கைடு வந்து தூக்கிக் கட்டி விட்டாரு, என் தப்புதான், காயவெச்ச பெல்ட்ட அப்டியே கட்டிட்டேன். தொட்டித் தண்ணில முக்கிட்டு இறுக்குங்க, மேல் வார் புடிச்சித் தூக்கி ரெண்டு ஆட்டு ஆட்டிப் பாருங்க, டேங்க் எறங்குனா திரும்பக் கட்டுங்க.

தம்பி கடைசில எதுவும் வாங்கல, பெர்ஹெந்தியான்ல வாடகைக்கே எடுத்துக்கிறேன்னுட்டான், அந்தக் காசுக்கு நல்ல மாஸ்க்கும் கம்ப்யூட்டரும் வாங்கிட்டான். நேத்து மெசேஜ் போட்டிருக்கான், அண்ணே டிசம்பர்ல தாவாவ் டிக்கெட் போட்டாச்சு, அந்த ஜூமா இன்னும் இருக்குமான்னு.