கம்பி விட்டுக் காட்டுகிறவர் உங்கள் தெருவுக்கும் வருவார்

கன்னியாகுமரி மாவட்டத்தில் அஞ்சுகிராமம், கொட்டாரம், அகஸ்தீஸ்வரம் பக்கம் இருப்பவர்கள் இரண்டு நிமிஷம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள். தண்ணீரில் இருக்கிற உப்பைச் சரிசெய்கிறேன் என்று வீடு வீடாக வருகிற ஒருவரிடம் 14,500 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணம் போனது போகட்டும், எந்த இடத்தில் ஏமாந்தேன் என்று சொன்னால் நாலு பேராவது தப்பிப்பீர்கள்.

நான் பிறந்தது குலசேகரம் பக்கம். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு, கிணற்று வெள்ளம். சோப்புப் போட்டால் வழுக்கல் போவதற்கே கூட இரண்டு செம்பு ஊற்ற வேண்டும். கல்யாணமாகி இந்தக் கிழக்குப் பக்கம் வந்த பிறகுதான் ஒரே மாவட்டத்துக்குள் தண்ணீர் இவ்வளவு மாறும் என்று தெரிந்தது. இங்கே எங்கள் குழாயில் வருவது போர் தண்ணீர். கட்டன்சாயா போட்டு ஆறவிட்டால் மேலே எண்ணெய் சிந்தியது போல ஏடு படியும். பயறு வேக மூன்று விசில் கூடுதலாக வேண்டும், தலைமுடி தேங்காய் நார்தான், ஷவர் ஓட்டைகளை மாதம் ஒருமுறை ஊக்கால் குத்தித் திறக்க வேண்டும். கீசர் காயில் இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை போயிற்று. இரண்டாம் தடவை மெக்கானிக் கழற்றிக் கையில் கொடுத்தபோது அது கம்பியாகவே தெரியவில்லை, சுண்ணாம்பில் முக்கி எடுத்த முருங்கைக்காய் மாதிரி இருந்தது. நகத்தால் சுரண்டினால் ஓடு ஓடாகப் பெயர்ந்தது.

அந்தக் காயில் திண்ணையில் கிடந்தபோதுதான் அவர் வந்தார். சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் அக்கா, காசு வேண்டாம் என்றார். முதலில் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது) எங்கள் தண்ணீரில் விட்டு 900-க்கு மேல் காட்டினார். தான் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரில் விட்டபோது 30-க்குப் பக்கம். அப்புறம் இரண்டு தம்ளரிலும் இரும்புக் கம்பிகளை இறக்கிக் கரண்ட் கொடுத்தார். ஒரு நிமிஷத்தில் எங்கள் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகக் கலங்கிச் சாக்கடை போல ஆனது, அவருடையது தெளிவாகவே நின்றது. "ஆச்சி, இதைத்தான் இத்தனை வருஷமாக் குடிச்சிருக்கீங்க, கல்லடைப்பு வராம என்ன செய்யும்?" என்று என் மாமியாரைப் பார்த்துக் கேட்டார் பாருங்கள், அங்கே நான் விழுந்தேன். கடினத் தண்ணீரால், அதாவது கால்சியமும் மெக்னீசியமும் அதிகமுள்ள தண்ணீரால், கல்லடைப்பு வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, கடினத்தன்மைக்கு உடல்நலக் கணக்கில் உலக சுகாதார நிறுவனம் வரம்பே வைக்கவில்லை என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

விற்றது என்ன தெரியுமா? ஒரு வெள்ளைப் பெட்டி, அதிலிருந்து வரும் வயரை மெயின் குழாயைச் சுற்றிச் சுற்றுவார்கள், பச்சை விளக்கு எரியும். உப்புப் போட வேண்டாம், ஃபில்டர் மாற்ற வேண்டாம், பத்து வருஷம் கவலையே இல்லை என்றார். பில் கேட்டதற்கு வாட்ஸப்பில் அனுப்புகிறேன் என்றார். ஜிபே போன நம்பரில் கம்பெனி பெயர் இல்லை, யாரோ ஒரு ஆளின் பெயர் வந்தது. அப்போதே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

முதல் மாதம் ஒன்றும் மாறவில்லை. போன் செய்தால், பழைய கறை இளகி வருகிறது, அதனால்தான் வெள்ளையாகத் தெரிகிறது என்றார். நான்காம் மாதம் புதுக் காயிலைக் கழற்றிப் பார்த்தோம். அதே சுண்ணாம்பு ஓடு, கொஞ்சம் மெல்லிசு, அவ்வளவுதான். மீட்டரில் பார்த்தாலும் அதே 900 என்றேன். "இந்த மிஷினுக்கு டி.டி.எஸ். குறையாதுக்கா, உப்போட வடிவம்தான் மாறும்" என்கிறார். விற்கும்போது டி.டி.எஸ். எமன், புகார் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை! வடிவம் மாறி ஒட்டாமல் போகும் என்றால் காயிலில் ஒட்டியது என்ன என்று கேட்டேன். அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை.

அந்தக் கம்பி வித்தையை உடைத்தது நாத்தனார் மகன், பாலிடெக்னிக் படிக்கிறான். கேன் தண்ணீரில் இரண்டு ஆணி, ஒரு 9 வோல்ட் பேட்டரி. ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டான், சிறிது நேரத்தில் அதே பச்சை, அதே பழுப்பு. கலங்கலாகத் தெரிவது தண்ணீரின் அழுக்கே இல்லை, ஆணியின் இரும்பு கரைந்து வருகிற துரு. உப்பு இருந்தால்தான் கரண்ட் நன்றாகப் பாயும். அவர் பாட்டிலில் ஆர்.ஓ. தண்ணீர், அதில் உப்பு மிகக் குறைவு என்பதால் கம்பி கரையவில்லை. (வீட்டுக் கரண்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள், பேட்டரி போதும்.)

கடினத்தன்மை தெரிய வேண்டுமென்றால் அந்த மீட்டர் உதவாது. டி.டி.எஸ். என்பது கரைந்திருக்கிற எல்லாவற்றின் கணக்கு, சோப்பைத் திரிய வைப்பது கால்சியமும் மெக்னீசியமும் மட்டும். காலி பாட்டிலில் பாதித் தண்ணீர் பிடித்து, சாதாரண சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். மழைத்தண்ணீரில் நுரை கழுத்துவரை ஏறும், எங்கள் குழாய்த் தண்ணீரில் திரிந்த பால் மாதிரி மிதக்கிறது. ஷாம்பூவோ சோப்புப் பொடியோ போட்டால் சரியாகத் தெரியாது. எண் வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். எங்களுக்கு லிட்டருக்கு 460 மில்லிகிராம் என்று வந்தது. இந்தியத் தர நிர்ணயத்தில் 200 வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. ஆக, தொல்லைதான், விஷமில்லை.

உப்புப் போட்டு ரெசினை (உள்ளே இருக்கும் சின்னச் சின்னப் பிசின் மணிகள்) கழுவுகிற சாஃப்ட்னர் உண்மையிலேயே கால்சியத்தைப் பிடிக்கும். ஆனால் அதற்குப் பதிலாகச் சோடியத்தை விடும், ஆகவே அதிலும் டி.டி.எஸ். குறையாது. பி.பி. இருப்பவர்கள் வீட்டில் சமையல் குழாயைத் தனியாக விடச் சொல்லுங்கள். எங்களுக்கு இப்போதைக்கு வினிகரே போதும். ஷவர் தலையைக் கழற்றி ராத்திரி முழுக்க ஊறவைத்தால் காலையில் ஓட்டையெல்லாம் திறந்துவிடுகிறது.

1915-ல், அதாவது நுகர்வோர் உதவி எண்ணில், புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாததால் ஜிபே ரசீதையும் வாட்ஸப் பேச்சையும்தான் ஆதாரமாகக் கொடுக்க முடிந்தது. போன வாரம் பார்த்தால் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டிலும் அதே வெள்ளைப் பெட்டி. அவர்கள் 9,000-க்குப் பேசி வாங்கியிருக்கிறார்கள். என் மாமியாருக்கு ஏமாந்ததைவிட இதுதான் இப்போது ஆறவில்லை.