இரண்டாவது இளநிலைப் பட்டமாக மருத்துவ ஆய்வக அறிவியல்: படித்து முடித்தபின் ஒரு மதிப்பீடு

நுண்ணுயிரியலில் இளநிலைப் பட்டம் பெற்று, உணவுத் தரப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, மருத்துவ ஆய்வக அறிவியலை இரண்டாவது இளநிலைப் பட்டமாக எடுத்து இரண்டு ஆண்டுகளில் முடித்தேன். சேர்வதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கும் விவரங்களையே இங்கு எழுதுகிறேன். கல்லூரியின் பெயர் இதில் இடம்பெறாது. நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவை வேறு கல்லூரிகளிலும் இருக்கக்கூடியவை.

முதுநிலைக்குப் போயிருக்கலாமே என்று கேட்காதவர் குறைவு. நுண்ணுயிரியலில் முதுநிலைப் பட்டம் ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் உதவும். ஆனால் நோயாளி ஒருவரின் பரிசோதனை முடிவைச் சரிபார்த்து வெளியிடும் பொறுப்பு, பல நாடுகளில், மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்தவர்களுக்கே தரப்படுகிறது. பிரிட்டனில் உயிர்மருத்துவ அறிவியலாளர் என்று தம்மை அழைத்துக்கொள்வதற்கே சுகாதாரத் தொழிலர்களைப் பதிவு செய்யும் எச்சிபிசி அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். அமெரிக்காவிலோ, ஏற்கெனவே அறிவியல் பட்டம் வைத்திருப்பவர்கள் அங்கீகாரம் பெற்ற சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை முடித்து ஆய்வகப் பணியாளர்களுக்குச் சான்றளிக்கும் ஏஎஸ்சிபி அமைப்பின் தேர்வை எழுதலாம். அதற்கு இரண்டாவது பட்டம் கட்டாயமில்லை. அத்தகைய குறுக்குவழி உங்களுக்குத் திறந்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். நான் விசாரித்தேன், எனக்குத் திறந்திருக்கவில்லை.

வகுப்பறைப் பாடங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உயிரியல் படித்தவருக்குப் பாதி பழைய பாடம். மீதியைப் படித்துத் தேறிவிடலாம். ரத்த உறைவு மட்டும் என்னைப் பல இரவுகள் விழிக்க வைத்தது. மனக்கசப்பு வேறு இடத்தில் ஏற்பட்டது. முதல் பட்டத்தில் படித்த தாள்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்று சேர்க்கையின்போது வாய்மொழியாகச் சொன்னவர்கள், பணம் கட்டிய பிறகு, உயிர்வேதியியல் தாள் பழையது என்று சொல்லி அதை மீண்டும் படிக்க வைத்தார்கள். அந்தத் தாளில் எனக்குப் புதிதாகக் கிடைத்தது ஒரு மதிப்பெண் மட்டுமே. எந்தெந்தத் தாள்களுக்கு விலக்கு உண்டு என்பதை எழுத்தில் வாங்காமல் யாரும் சேர வேண்டாம்.

இந்தப் படிப்பின் உண்மையான மதிப்பு கைப்பழக்கத்தில் இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்ப்பதற்கான ரத்தப் படலம் தயாரிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடின் ஓரத்தில் சிறு துளி ரத்தத்தை வைத்து, இன்னொரு ஸ்லைடை 30 முதல் 45 பாகைச் சாய்வில் பிடித்து, பின்னுக்கு இழுத்துத் துளியைத் தொட வைத்து, ரத்தம் விளிம்பு நெடுகப் பரவியதும் தயங்காமல் ஒரே வீச்சில் முன்னே தள்ள வேண்டும். படலம் நாக்கு வடிவில் நீண்டு, நுனியில் இறகுபோல் மெலிந்து முடிய வேண்டும். கை நடுங்கினால் வரி வரியாக விழும். ஸ்லைடில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். ரத்தசோகை உள்ளவரின் ரத்தம் நீர்த்திருப்பதால் சாய்வைக் கூட்ட வேண்டும் என்பதைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருந்தேன். எழுபது எண்பது ஸ்லைடுகளை வீணாக்கிய பிறகே அது விரலுக்குப் புரிந்தது. வெள்ளணுக்களை வகைபிரித்து நூறு வரை எண்ணும்போது அவற்றில் ஒரு வகையான ஈசினோஃபில் 5 என்று வந்தால், உண்மையான அளவு ஏறத்தாழ 1 முதல் 12 விழுக்காடு வரை எங்கும் இருக்கலாம் என்ற புள்ளியியலும் அப்போதுதான் உறைத்தது. அதற்கு முன்பெல்லாம் 5 என்றால் 5 என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனைப் பயிற்சியின் மூன்றாவது வாரம், உயிர்வேதியியல் பிரிவில் ஒரு மாதிரியின் பொட்டாசியம் லிட்டருக்கு 11.8 மில்லிமோல் என்று வந்தது. இயல்பான அளவு ஏறத்தாழ 3.5 முதல் 5 வரைதான். அவசர மதிப்பு என்று வார்டுக்குத் தெரிவிக்கத் தொலைபேசியை எடுத்தேன். மேற்பார்வையாளர் என்னைவிட இளையவர். ஆனாலும் அங்கே அவர்தான் எனக்கு மேடம். "கால்சியம் எவ்வளவு என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். டெசிலிட்டருக்கு 3.4 மில்லிகிராம் என்று இருந்தது, 8.5க்கு மேல் இருக்க வேண்டியது. அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் தரையைத் தொட்டிருந்தது. "நோயாளி எப்படி இருக்கிறார் என்று மட்டும் இப்போது கேளுங்கள்" என்றார். நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதாகப் பதில் வந்தது. மேடம் வேறு எதுவும் சொல்லாமல், தட்டிலிருந்து ஊதா மூடி டியூப் ஒன்றை எடுத்து என் முன்னே வைத்தார்.

ஊதா டியூபில் இருப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ என்ற வேதிப்பொருளின் பொட்டாசிய உப்பு. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் ரத்தம் உறைவதில்லை. அந்த நொதிக்குத் தேவையான துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும்கூட அது விட்டுவைப்பதில்லை. உயிர்வேதியியல் பரிசோதனைக்கான சிவப்பு டியூபில் ரத்தம் குறைந்ததால் யாரோ ஊதா டியூபிலிருந்து ஊற்றி நிரப்பியிருந்தார்கள். மறு மாதிரியில் பொட்டாசியம் 4.3 என்று வந்தது. அந்த 11.8ஐ நம்பி யாராவது மருந்து கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு நெடுநேரம் யோசித்தேன். டியூப்களை எந்த வரிசையில் நிரப்ப வேண்டும் என்ற பட்டியலைத் தேர்வுக்காக ஒப்பித்தபோது, ஊதா ஏன் கடைசிக்கு அருகில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை; வகுப்பில் யாரும் சொல்லவும் இல்லை.

தரக் கட்டுப்பாட்டுப் பாடமும் இப்படித்தான் வீணானது. அளவு தெரிந்த மாதிரியைத் தினமும் பரிசோதித்துப் பெறும் கட்டுப்பாட்டு மதிப்புகளை வரைபடத்தில் குறிக்கும் லெவி, ஜென்னிங்ஸ் முறை 1950இல் வந்தது. எந்த விலகலை ஏற்கலாம், எதை நிராகரிக்க வேண்டும் என்ற வெஸ்ட்கார்டு விதிகள் 1981இல் வந்தன. வகுப்பில் விதிகளை வரிசையாக எழுத வைத்தார்கள். கருவி சரியாக வேலை செய்யும் நாளிலும் இருபதில் ஒரு மதிப்பு, வழக்கமான சிதறலின் அளவான நியம விலகலின் இரு மடங்கைத் தாண்டும் என்பதால்தான் ஒரு விதி எச்சரிக்கையாகவும் இன்னொன்று நிராகரிப்பாகவும் வைக்கப்பட்டிருக்கின்றன என்ற காரணத்தை நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். கல்லூரி ஆய்வகத்தின் பகுப்பாய்வுக் கருவி ஒரு பருவம் முழுவதும் பழுதாகிக் கிடந்ததால், வரைபடத்தில் குறிக்க எங்களிடம் சொந்த மதிப்புகளும் இல்லை.

என் பெரிய மனக்குறை ரத்த வங்கிதான். ஆறு வாரப் பயிற்சி என்று பாடத்திட்டத்தில் இருந்தது. அதே மருத்துவமனை இன்னொரு கல்லூரியின் மாணவர்களையும் ஏற்றுக்கொண்டதால், எங்களுக்குக் கிடைத்தவை இரண்டே வாரங்கள். அவற்றிலும் பாதி நாள் பதிவேடு எழுதினோம். 1901இல் லேண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைக் கண்டறிந்த வரலாறு தேர்வில் வந்தது. ஆனால் சிவப்பணுவை வைத்துப் பார்த்த ரத்த வகையும் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் நீரை, வைத்துப் பார்த்த வகையும் முரண்படும்போது என்ன செய்வது என்பதை ஒருமுறைகூட மேசையில் நின்று பார்க்க வாய்க்கவில்லை. சிவப்பணுக்களில் எதிர்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும், 1945இல் வந்த கூம்ப்ஸ் பரிசோதனையில் அணுக்களைச் சரியாகக் கழுவாவிட்டால், எஞ்சிய குளோபுலின் என்ற ரத்தப் புரதம் வினைப்பொருளைச் செயலிழக்கச் செய்து, பொய்யாக எதிர்மறை முடிவு வரும். அதைக் கண்டுபிடிக்கவே எதிர்மறை முடிவு தரும் ஒவ்வொரு டியூபிலும் எதிர்பொருள் பூசிய கட்டுப்பாட்டு அணுக்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். இந்த எளிய செயலை நான் முதன்முதலில் செய்தது வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஓர் இரவுப் பணியில், அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நிற்க, வியர்த்து விறுவிறுத்த நிலையில்தான்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? முதல் பட்டத்தை உயிரியல் சார்ந்த துறையில் பெற்று, நோயாளியைத் தொடாமல் மருத்துவத்தின் அருகில் வேலை செய்ய விரும்புபவர்களுக்குப் பரிந்துரைப்பேன். இரவுப் பணியும் விடுமுறைநாள் பணியும் உடல் தாங்காது என்பவர்கள் யோசித்துக்கொள்வது நல்லது. வகுப்பில் மற்றவர்கள் உங்களைவிடப் பத்து வயது இளையவர்களாக இருப்பார்கள் என்பது முதல் மாதத்தில் உறுத்தும். குழுவாக ஸ்லைடு பார்க்கத் தொடங்கியதும் மறந்துபோகும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல், மருத்துவமனைப் பயிற்சி எங்கே, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை வாரம், ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். சென்ற ஆண்டு முடித்தவர்களிடம் அதே கேள்விகளைத் தனியாகக் கேட்டு, இரண்டு பதில்களையும் ஒப்பிடுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். குறைத்த ஒன்றரையில் ஒன்று ரத்த வங்கிக்கு. அரை, நான் இரண்டு முறை படித்த அந்த உயிர்வேதியியல் தாளுக்கு.