மூவாயிரம் ரூவா எஸ்எஸ்டி போட்டேன், லோடிங் எவ்ளோ குறைஞ்சுது?

எஸ்எஸ்டின்னா சுத்தற தட்டு இல்லாம சிப்புலயே ஃபைல வச்சுக்கற டிஸ்க். முதல்ல என் பிசி என்னன்னு சொல்லிடறேன், இல்லன்னா இந்த ரிவ்யூ யாருக்குன்னே புரியாது. ஐ5 3470, பி75 மதர்போர்டு, 8 ஜிபி ராம், 7200 ஆர்பிஎம் 1 டிபி ஹார்ட் டிஸ்க். 2012ல வந்த ப்ராசஸர், அண்ணன் வேலைக்கு போனப்ப என் தலையில கட்டிட்டு போனது. ஜிடிஏ 5 ஸ்டோரி மோட் உள்ள போகவே ரெண்டு நிமிஷம் கிட்ட ஆகும், விட்சர் 3ல செத்துட்டா திரும்ப எந்திரிக்க ஒரு நிமிஷம், ஒரே சண்டையில பத்து தடவ செத்தோம்னா கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

போன வருஷம் வீட்டு பக்கத்துல ஒரு கடையில கேட்டப்ப "கிராபிக்ஸ் கார்ட மாத்துங்க தம்பி, எல்லாம் பறக்கும்"னாரு. நம்பி 12,000 குடுத்து 1650 கார்டு போட்டேன். கேம் உள்ள ஃப்ரேம் நல்லாவே ஏறுச்சு, அத குறை சொல்லக்கூடாது. லோடிங் மட்டும் அதே ரெண்டு நிமிஷம். ஃபைல் டிஸ்க்ல இருந்து வரணும், சுருக்கி வச்சிருக்கறத ப்ராசஸர் பிரிக்கணும், அதுக்கப்புறம்தான கார்டுக்கே வேலை. கேட்டவுடனே தலையாட்டினது என் தப்பு.

இந்த தடவ எஸ்எஸ்டி வாங்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். "அண்ணா, 3500 எம்பி ஸ்பீடுன்னு போட்டிருக்கே, அந்த என்விஎம்இ ஒண்ணு குடுங்க"ன்னேன். "போர்டு என்ன?"ன்னாரு. சொன்னதும் சிரிச்சுட்டு "அதுல அந்த ஸ்லாட்டே இருக்காது தம்பி, சாதா சாட்டா எடுத்துட்டு போங்க, போதும்"னாரு. என்விஎம்இன்னா போர்டுலயே நேரா சொருகற வேகமான வகை, சாட்டான்னா ஹார்ட் டிஸ்க் மாட்டற அதே பழைய கேபிள் வழி. 500 ஜிபி, 2,900 ரூவா. எந்த கம்பெனின்னு வேணும்னே சொல்லல, ஏன்னா சாட்டா வழியே செகண்டுக்கு 550 எம்பி கிட்ட முட்டிட்டு நின்னுடும், லோடிங்க பொறுத்தவரைக்கும் நாலு பிராண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வாரண்டி எத்தன வருஷம்னு பாருங்க, அது முக்கியம்.

கேபினட்ல மாட்ட இடம் இல்ல, டபுள் சைட் டேப் போட்டு ஒட்டிட்டேன், சுத்தற பாகம் எதுவும் இல்லாததால ஆடற பிரச்சனையும் இல்ல. விண்டோஸ் புதுசா போட்டு கேம அதுக்கு மாத்தி ஸ்டாப்வாட்ச் வச்சு பாத்தேன். ஜிடிஏ ஸ்டோரி மோட் 42 செகண்ட், விட்சர் 17 செகண்ட். ரெண்டு தடவ பாத்தேன், நம்பிக்கை வரல!

இதுல ஒரு கூத்து. பி75ல ஆறு சாட்டா போர்ட் இருந்தாலும் ஒண்ணே ஒண்ணுதான் செகண்டுக்கு 6 ஜிகாபிட் வேகம், மத்தது எல்லாம் பாதி. நான் தெரியாம பாதி வேக போர்ட்ல சொருகியிருக்கேன், அதுல எடுத்ததுதான் மேல சொன்ன நேரம். அப்புறம் சரியான போர்ட்ல மாத்தினா டெஸ்ட் சாஃப்ட்வேர்ல ஸ்பீடு அப்படியே டபுள், கேம்ல ரெண்டு செகண்ட் கூட குறையல. அட்டப்பெட்டியில போடற நம்பர நான் நம்பாம போனது அன்னைக்குதான். லோடிங் குறைஞ்சதுக்கு நிஜ காரணம் வேற. ஹார்ட் டிஸ்க் தட்டு ஒரு சுத்து சுத்தவே 8 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும், கேம் ஃபைலோ ஆயிரக்கணக்குல அங்கங்க சிதறி கிடக்கும், ஒவ்வொண்ணுக்கும் முள்ளு ஓடி ஓடி தேடணும், அந்த ஓட்டம்தான் உண்மையான இழுவை. இதுக்காகவே ஹெல்டைவர்ஸ் 2 பிசில ஒரே ஃபைல பல எடத்துல காப்பி பண்ணி வச்சிருந்தாங்க, 2025 டிசம்பர்ல அந்த காப்பிய எல்லாம் எடுத்ததும் 154 ஜிபி கேம் 23 ஜிபி கிட்ட வந்துருச்சு. எஸ்எஸ்டில தேடற ஓட்டமே இல்ல.

ஆனா ஜிடிஏ ஆன்லைன் போனா இன்னமும் இழுக்குது. டாஸ்க் மேனேஜர் தொறந்து பாத்தா டிஸ்க் சும்மா உக்காந்திருக்கு, ப்ராசஸர்ல ஒரு கோர் மட்டும் முக்கிட்டு இருக்கு. இது பழைய கதைதான். 2021ல ஒருத்தர் ஆறு நிமிஷ லோடிங் தாங்காம நோண்டி பாத்திருக்காரு, அவர்ட்டயும் மலிவு எஸ்எஸ்டிதான். 10 எம்பி சைஸ்ல 63,000 பொருள் இருக்கற ஒரு லிஸ்ட்ட கேம் மகா மட்டமா படிச்சுட்டு இருந்துச்சாம், அத சரி பண்ணதும் லோடிங் 70 சதவீதம் கிட்ட குறைஞ்சிடுச்சு. ஜிடிஏ பண்ற ராக்ஸ்டார் கம்பெனி அவருக்கு 10,000 டாலர் குடுத்து மார்ச் மாசம் அப்டேட்டும் விட்டாங்க. அந்த மாதிரி எடத்துல நீங்க எந்த எஸ்எஸ்டி போட்டாலும் ஒண்ணும் நடக்காது, என்னுதுல இனி ப்ராசஸரும் போர்டும்தான் மாத்தணும்.

ராம் பத்தி கேப்பீங்க. ஒருக்கா படிச்ச ஃபைல விண்டோஸ் காலி ராம்ல வச்சுக்கும், அதனால அதே எடத்த ரெண்டாவது தடவ லோட் பண்றப்ப சீக்கிரம் வரும். 8 ஜிபில அந்த காலி எடம் ரொம்ப இல்ல.

குறைன்னா ரெண்டு. பெரிய கேம காப்பி பண்றப்ப கொஞ்ச நேரம் ஜோரா போயிட்டு அப்புறம் ஹார்ட் டிஸ்க் மாதிரியே தவழுது, மலிவு வகையில இது உண்டுதான். இன்னொண்ணு எடம், 500ன்னு வாங்கினா விண்டோஸ்ல காட்டறது 465, ஜிடிஏவும் ரெட் டெட் 2வும் போட்டதுமே பாதிக்கு மேல போச்சு. கூட கொஞ்சம் காசு சேத்து 1 டிபியே எடுத்துருக்கலாம். இப்ப ஆடற கேம் மட்டும் எஸ்எஸ்டில, மிச்சமெல்லாம் பழைய ஹார்ட் டிஸ்க்லயே கடகடன்னு சத்தம் போட்டுட்டு கிடக்குது.